உருவமும் பெயரும்

வரி செலுத்துவது முறையா என வினவி வந்தவர்களிடம் இயேசு ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதில் இருப்பது எவருடைய முகம், எவருடைய பெயர் என்று திருப்பிக் கேட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அரசுக்குரிய கடமை எது, இறைவனுக்குரிய கடமை எது என்று பிரித்துக் காட்டவே மறையுரைகளில் அப்பகுதி பெரும்பாலும் பயன்படுகிறது. ஆயினும் அவ்வினாவில் வேறொரு நுட்பமும் உண்டு. அந்த நாணயத்தில் உருவம் ஒன்று இருந்தது. உருவத்தைச் சுற்றி எழுத்தும் இருந்தது. உரோமைப் பேரரசன் தன் முகத்தைப் பெயரின்றி ஊருக்குள் அனுப்பவில்லை. இரண்டும் சேர்ந்து நின்றதால்தான் அது எவருக்கு உரியது என்று கேட்டவுடன் விடை சொல்ல முடிந்தது. முகம் மட்டும் இருந்து பெயர் இல்லையெனில், அம்முகம் அதைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சொந்தமாகிவிடும். அவன் விரும்பியதை அதன் கீழே எழுதிக்கொள்ளலாம்.

பழங்குடி மக்களைப் பற்றிக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நிழற்படங்களைப் புரட்டும்போதெல்லாம் இந்த நாணயமே நம் நினைவுக்கு வருகிறது.

சேத்தியாத்தோப்பில் இருக்கும் நமக்கு இது நூலகத்தோடு முடிந்துபோகும் செய்தியன்று. வெள்ளாற்றங்கரையிலும் வீராணம் ஏரியை ஒட்டிய ஊர்களிலும் கிள்ளை, பிச்சாவரம் வரையிலும் இருளர் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. மரம் வெட்டுவது, வயலில் எலி பிடிப்பது, கரும்பு வெட்டுவது, செங்கல் சூளையில் வேலை செய்வது, கழிமுகத்து நீரில் அமர்ந்து கையாலேயே துழாவி இறால் பிடிப்பது என அவர்கள் பிழைப்பு பலவகைப்பட்டது. வடக்கே நெய்வேலியின் விளக்கொளி இரவெல்லாம் வானில் தெரியும்; அதே வானத்தின் கீழே பட்டா இல்லாத புறம்போக்கு நிலத்தில் அவர்களுடைய குடிசைகள் இருக்கும். ஊரார் அவர்களை வேலையைச் சொல்லி அழைப்பார்கள். பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு.

இம்மக்களைப் பற்றி எழுதிய நூல் ஒன்று 1909-ஆம் ஆண்டில் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளில் வெளியிட்ட பெருநூல் அது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதனைத் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறது. நீலகிரி இருளரைப் பற்றி எழுதும் தர்ஸ்டன், செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் இருளரைப் பற்றித் தனியே எழுதுகிறார். தென் ஆர்க்காடு என்பது நாம் இன்று வாழும் மண்தான்.

அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அவர் எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோயிருக்கும் செய்திகள் அந்நூலில் ஏராளம். ஆனால் அவர் ஊர் ஊராகச் சென்றபோது கையில் எழுதுகோலும் காமிராவும் மட்டுமன்றி, மண்டையோட்டையும் மூக்கையும் அளக்கும் கருவிகளும் இருந்தன. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தோடு ஒப்பிட்டு மனிதக் கூட்டங்களை வரிசைப்படுத்தலாம் என்பது அக்காலத்து அறிவியலின் நம்பிக்கை. அந்த அறிவியல் பின்னர் வலுவிழந்து மறைந்தது. அளக்கப்பட்ட மனிதரின் அச்சம் மட்டும் அந்நூலின் முன்னுரையிலேயே பதிவாகி நிற்கிறது. வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். நீலகிரி இருளர் ஒருவர், காட்டு யானை தொடர்பான ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்து அதுவே தூக்குமரம் என்று சொல்லி அருகே வர மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகவே எழுதுகிறார். நாம் வாசிக்கும்போது சிரிப்பு வரவில்லை. அப்பெண்கள் அருங்காட்சியகத்தின் உள்ளே சென்று பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் தங்களை நோக்கி வரும் பார்வை எத்தகையது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். உயிருள்ள ஒருத்தியை உயிரற்ற மாதிரியாக மாற்றி நிறுத்தும் பார்வை அது. பஞ்சு அடைக்கவில்லை, ஆனால் படம் எடுத்து, கீழே குலத்தின் பெயரை மட்டும் அச்சிட்டார்கள். இருளர், பணியர், தோடர் என்று தலைப்புகள் உண்டு. நின்றவர் எவர், எவருடைய மகன், எவளுடைய தாய் என்பது பெரும்பாலும் இல்லை.

தமிழ் மண்ணுக்கு இந்த வழக்கம் புதிது. செங்கம் பகுதியின் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு மாண்ட எளிய வீரனுக்கும் அங்கே உருவம் செதுக்கி, பெயரும் செயலும் பொறித்திருக்கிறார்கள். எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய மனிதர் பலருக்குக் கிடைக்கவில்லை.

தர்ஸ்டனுக்கு முன்பே இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், தாங்கள் ஆளும் மக்கள் எத்தகையவர் என்று அறிந்துகொள்ள ஆங்கில அரசு விரும்பியது. கானிங் பிரபுவும் அவர் துணைவியாரும் நினைவுக்காகத் திரட்டத் தொடங்கிய படங்கள் அரசுப் பணியாக வளர்ந்தன. ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. நானூற்று அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் அவற்றில் உண்டு. இந்தக் குலம் அடங்கி நடக்கும், அந்தக் குலம் நம்பத்தகாதது என்ற தோரணையில் குறிப்புகளும் உண்டு. 1869-இல் இலண்டனில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பட்டு நூல் கட்டிய சட்டத்தின் முன்னே மனிதரை ஆடையின்றி நிறுத்தி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படமெடுக்கும் முறையை லாம்ப்ரே என்பவர் வகுத்தார். காவல் நிலையங்களில் குற்றவாளியைப் படமெடுக்கும் முறையும் பிற்காலத்தில் ஏறத்தாழ இதே கோலம் கொண்டது. ஆராய்ச்சிக்கு நின்றவனும் குற்றத்துக்கு நின்றவனும் ஒரே மாதிரி நிற்க வேண்டியதாயிற்று.

அந்தத் தொகுதிகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. பின்னாளில் அலிகாரில் கல்லூரி நிறுவிய சையது அகமது கான், தம் மகன் மகமூதோடு 1869-இல் இலண்டன் சென்றிருந்தார். இந்திய அலுவலகத்தில் அப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஆங்கில இளைஞன் ஒருவன் மகமூதைப் பார்த்து, நீர் இந்துஸ்தானியா என்று கேட்டானாம். ஆம் என்று சொல்லும்போதே மகமூதின் முகம் சிவந்தது. உடனே, தாம் அந்தப் பழங்குடிகளைச் சேர்ந்தவர் அல்லர், தம் முன்னோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சேர்த்துச் சொன்னாராம்.

வாசகர்களே, அந்த இளைஞரின் வெட்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். படத்தில் இருப்பவரை இழிவாகக் காட்டியவன் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. படத்தில் இருப்பவர் வேறு, தாம் வேறு என்று விலகிக்கொள்ளவே தோன்றியது. நம் நாட்டில் படித்தவர் பலர் இன்றும் நிற்கும் இடம் அதுதான். பழங்குடியினரின் படம் சுவரில் மாட்டுவதற்கு அழகாக இருக்கிறது. அவர்களோடு ஒரே பந்தியில் அமர்வது என்றால் தயக்கம் வந்துவிடுகிறது.

பழைய படங்கள் பழைய நூல்களோடு உறங்கிவிட்டால் நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அவை உறங்கவில்லை. பெயரில்லாத படம் காலப்போக்கில் ஓர் அச்சாக இறுகிவிடுகிறது. உயிரோடு இருப்பவர் அந்த அச்சில் பொருந்தினால்தான் நம்புவோம் என்கிறது உலகம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த இருளர் குடும்பத்துப் பெண்ணொருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். அவர்கள் குடியிருப்பில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவளே. கல்லூரியில் சேரப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் தேவை. விண்ணப்பம் கொடுத்து, விசாரணைக்கு அழைத்தபோது அவளும் தாயும் நம்மைத் துணைக்கு அழைத்தார்கள். துவைத்துத் தேய்த்த சுடிதார் அணிந்து, தலை வாரிப் பூச்சூடி, மதிப்பெண் பட்டியலை நெகிழி உறையில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். அங்கிருந்த அலுவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பார்த்தால் இருளர் மாதிரி தெரியவில்லையே. பாம்பு பிடிக்கத் தெரியுமா உனக்கு?”

“எனக்குத் தெரியாது, ஐயா. தாத்தாவுக்குத் தெரியும். எனக்குக் கணக்குத் தெரியும்.”

அவள் துடுக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு அவளுடைய தாத்தாவை அழைத்துவரச் சொன்னார்கள். அவர் வந்து, எலி வளையை எப்படிக் கண்டறிவது என்று அரைமணி நேரம் விளக்கினார். மூன்றாவது முறை சென்றபோது சான்றிதழ் கிடைத்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. அந்த இரண்டு நாளும் கடந்திருந்தால், என்றோ எவரோ எடுத்த படம் ஒன்று ஒரு பெண்ணின் படிப்பைத் தின்றிருக்கும். அலுவலரின் மனத்தில் ஓர் இருளர் இருந்தார். கோவணமும் கையில் பாம்புமாக அவர் நின்றார். எதிரே நின்ற பெண்ணால் அவரை வெல்ல முடியவில்லை.

பாம்பு பிடிப்பது இழிவு என்று நாம் சொல்லவில்லை. அது அரிய கலை. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, நச்சுமுறி மருந்தாகி எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்தப் படங்களின் கீழே அவர்கள் பெயர் இருந்தது. ஒருவர் தம் பெயரோடு தம் கலையைக் காட்டுவது பெருமை. அந்தக் கலை தெரியாவிட்டால் நீ நீயல்ல என்று பேத்தியிடம் சொல்வது வேறு.

இதில் நம் திருச்சபைக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. நீலகிரித் தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பே இயேசு சபைக் குரு பெனிசியோ 1603-இல் மலையேறிச் சென்று எழுதியதுதான். 1925-ஆம் புனித ஆண்டில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வத்திக்கானில் மறைபரப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். உலகெங்கும் இருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பொருள்கள் வந்து குவிந்தன. மறைபரப்பு இதழ்களும் படங்களும் தொலைநாட்டு மக்களை ஐரோப்பிய இறைமக்களுக்கு அறிமுகம் செய்தன. அன்பையும் காணிக்கையையும் தூண்டின. கூடவே, அம்மக்கள் என்றென்றும் கையேந்தி நிற்பவர்கள் என்ற எண்ணத்தையும் விதைத்தன. அக்கண்காட்சிக்கு வந்த பொருள்களுள் 62-ஐ, கனடாவின் பழங்குடி மக்களுக்குச் சேரும்படி திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 நவம்பரில் அந்நாட்டு ஆயர்களிடம் ஒப்படைத்தார். பொருளைத் திருப்பித் தரலாம். முகத்தை எப்படித் திருப்பித் தருவது?

இறைவார்த்தைச் சபைக் குரு மார்ட்டின் குசிண்டேயின் வாழ்வு இதற்கு ஓரளவு வழி காட்டுகிறது. தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் 1918-க்கும் 1924-க்கும் இடையே நான்கு முறை பயணம் செய்து, செல்க்நாம், யாமனா முதலிய மக்களோடு தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அவர் எடுத்தார். அக்காலத்து அறிவியல் கேட்டபடி அவரும் அளவுப் படங்கள் எடுத்ததுண்டு. ஆயினும் அம்மக்களின் சடங்குகளில் தாமும் பங்கேற்று, பலருடைய பெயரையும் படத்தோடு எழுதி வைத்தார். ஆட்டுப் பண்ணையார்கள் அவர்களை வேட்டையாடிக் கொன்றதை வெளிப்படையாகக் கண்டித்தார். செல்க்நாம் மக்கள் அவருக்கு வைத்த பெயருக்கு ‘நிழலைப் பிடிப்பவர்’ என்பது பொருள். நிழற்படம் என்று நாம் தமிழில் சொல்லும்போது அந்த உண்மையை அறியாமலே சொல்கிறோம். நிழல் பிடிபடும், ஆள் பிடிபடுவதில்லை. செல்க்நாம் இனமே அழிந்துவிட்டது என்று நூல்கள் எழுதின. சடங்குக்கு உடலில் வண்ணம் தீட்டி நின்ற அவர்களின் உருவங்கள் நினைவுப் பொருள்களாகக் கடைகளில் விற்பனையாயின. ஆனால் அவர்களின் வழித்தோன்றல்கள், நாங்கள் இருக்கிறோம் என்று குரல் எழுப்பினர். 2023-இல் சிலி நாட்டுச் சட்டம் அவர்களை வாழும் மக்களினமாக ஏற்றுக்கொண்டது. படத்தில் அழிந்தவர்கள் சட்டத்தில் உயிர்த்தெழுந்தார்கள்.

நம் நாட்டிலும் காட்சிப்பொருளாக்கும் பழக்கம் மறைந்துவிடவில்லை. அந்தமானில் ஜாரவாப் பெண்களை உணவு தருவதாகச் சொல்லி ஆடச் செய்த காணொளி 2012 சனவரியில் வெளியாகி உலகையே தலைகுனிய வைத்தது. அவர்களைப் படமெடுப்பது இன்று தண்டனைக்குரிய குற்றம். நல்ல நோக்கத்தோடு எடுத்த படங்களிலும் சிக்கல் எழுவதுண்டு. நமக்கு அண்மையிலுள்ள முதனை ஊரைச் சேர்ந்த ஒருவர் 1993-இல் காவலில் உயிரிழந்த வழக்கே, 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தின் கரு. இறந்தவர் குறவர் குலத்தவர். திரையில் இருளராகக் காட்டப்பட்டார். இருளரின் துயரை நாடறியச் செய்த படம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம் வீட்டு இழப்பு வேறு பெயரில் ஊர்வலம் போனதைக் கண்ட குறவர் மக்களின் மனக்குறைக்கும் நாம் செவிகொடுக்க வேண்டும்.

படம் பிடிக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நம் பகுதி உழவர்களும் அறிவார்கள். 2023 சூலை இறுதியில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியபோது, காமிராக்களும் வந்து இறங்கின. வயலும் அழுத முகங்களும் நாடெங்கும் சென்றன. அதனால் கேள்வி எழுந்தது. நீதிமன்றத்திலும் அவ்வயலின் பெயர் ஒலித்தது. படத்தின் நன்மை அது. ஆனால் ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார்: “டி.வி.யில் என்னைக் காட்டினாங்க சாமி, ‘விவசாயி’ன்னு போட்டாங்க. எனக்குப் பேர் இல்லையா?” ஒரே ஒரு நாளில் அவருக்கு உறைத்தது, இருளர் குடிகளுக்கு நூறாண்டாக உறைத்துக்கொண்டிருக்கிறது.

அண்மையில் உதவி நிறுவனம் ஒன்று, நாம் பரிந்துரைத்த குடும்பங்களின் படங்களை அனுப்பச் சொன்னது. பழங்குடியினர் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அதன் குறிப்பு. அவர்களோ பண்டிகைக்கு எடுத்த புத்தாடை உடுத்தி, நாற்காலியில் அமர்ந்து, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு அமர்ந்தார்கள். தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி அதையே அனுப்பினோம். இந்தப் படம் பயன்படாது என்று பதில் வந்தது. உதவி வேறிடத்திலிருந்து வந்தது.

படமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஏழைக்கும் படம் வேண்டும். ஏழைக்குத்தான் மிகவும் வேண்டும். ஒரு நாள் மூதாட்டி ஒருவர் வந்து, “சாமி, வெள்ள வந்த வருசம் யாரோ வந்து எங்களை நிக்க வச்சுப் படம் எடுத்தாங்களே, அதுல எங்க வூட்டுக்காரர் இருந்தாரு. இப்ப அவரு இல்ல. அது கிடைக்குமா?” என்று கேட்டார். தேடியதில் ஒரு துண்டறிக்கை அகப்பட்டது. இரண்டாம் வரிசையில் அவர் நின்றார். கீழே ‘பயனாளிகள்’ என்று ஒரு சொல். கடைவீதிப் படக்கடைக்காரர் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கித் தந்தார். வழக்கம்போலத் தோற்றம், மறைவு என்று போட நாள் கேட்டார். மறைந்த நாள் அந்த அம்மாளுக்குத் தெரியும்; பிறந்த நாளைச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே பெயரும் மறைந்த நாளும் மட்டும் அச்சாயின. இன்று அந்தக் குடிசைச் சுவரில் மாலையோடு தொங்குவது அந்தப் படமே. பயனாளியாக இருந்தவர் மீண்டும் கணவராகவும் தந்தையாகவும் ஆகிவிட்டார்.

மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று குருமடத்தில் நாம் இறையியலாகக் கற்றோம். அதே இறைவன் மனிதரைக் கூட்டமாக அழைப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதும் விவிலியம் முழுவதும் பரவிய செய்தி. சாயலை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறவன் பாதியைத்தான் கண்டான். மூத்த இதழாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ ஆவணக்காப்பகம், நாட்டின் மாவட்டம்தோறும் மக்கள் முகங்களைத் திரட்டி வருகிறது. ஒவ்வொரு முகத்தோடும் அவர் பெயர், தொழில், ஊர் ஆகியவை உண்டு. பெரிய தத்துவம் ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை. கேட்டு எழுதும் பொறுமை போதுமானதாக இருந்தது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசிக் காமிரா இருக்கிறது. நம் பங்கு விழாக்களில், உதவி வழங்கும் நாள்களில், மலைப் பயணங்களில் நாம் எடுக்கும் படங்கள் எண்ணிக்கையில் அடங்கா. எடுக்குமுன் அனுமதி கேட்போம். பெயரைக் கேட்டு, அவர் சொல்லும்படியே எழுதுவோம். ஒரு படியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். மூன்றாவதைச் செய்யப் போகிறவருக்கு வீடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். வீடு தேடிச் செல்பவர் வாசலில் அமர்ந்து ஒரு குவளை தேநீராவது வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கும். அங்கே தொடங்கும் பழக்கத்தை எந்தக் காமிராவும் தர முடியாது.